சுருளை நிமிர்த்திய ஊர்

போன வாரம் வியாழக்கிழமை. காலை ஆறரை மணி. நாயுடுபுரத்தில் என் வீட்டு வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது.

“ஐயா, மேல்மலைல இருந்து செல்வராணி பேசுறேன். பொட்டில செவப்பு லைட்டு எரியுதுங்க.”

நெட் லைன் கொடுக்கிற என் தொழிலில் இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. பச்சை எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. சிவப்பு எரிந்தால் வழியில் எங்கேயோ அறுந்து கிடக்கிறது. இத்தனைக்கும் அந்த வீட்டுக்கு நான் லைன் கொடுத்தது செவ்வாய்க்கிழமை. கொடுத்து முழுசாக இரண்டு நாள் ஆகவில்லை.

“எப்பருந்தும்மா எரியுது?”

“தெரியலங்க ஐயா. நேத்து நான் டூட்டிக்கு வந்துட்டேன். ராத்திரி வந்து அலுப்புல படுத்துட்டேன். இன்னைக்கு வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா செவப்பு. சனிக்கெழம மூணு மணிக்கு டெஸ்ட்டுங்க ஐயா.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் நாலு ஆறுதல் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பேன். அந்தக் குரலில் இருந்த நிதானம்தான் என்னை வாய் கொப்பளிக்கவிடாமல் ஜீப்பை எடுக்க வைத்தது.

செல்வராணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூண்டு போடுகிற குடும்பத்து மருமகள். கையில் எட்டு மாதக் குழந்தை. புருஷன் திருப்பூரில். இவளுக்குக் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் வேலை – ஆஸ்பத்திரிக்குப் போன் போடுகிறவர்களுக்கு, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், எந்தக் கவுண்டருக்குப் போகணும் என்று பதில் சொல்வது. வீட்டிலிருந்தே செய்யலாம், நெட் இருந்தால். அந்த ஊரில் செல்போனில் ஒரு கோடு தெரியவே வேலி மேல் ஏற வேண்டும். அதனால் தினமும் இரண்டு மணி நேரம் பஸ் ஏறி நாயுடுபுரத்துக்கு வருவாள். சிநேகிதி வீட்டு மூலையில் உட்கார்ந்து பேசுவாள். பிள்ளை மாமியாரிடம். இரண்டு மணி நேரம் திரும்பிப் போவாள்.

இப்போது கம்பெனி நேரத்தை மாற்றிவிட்டது. இனி ராத்திரி எட்டு மணி வரை வேலை. ஊருக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. ஆக, வீட்டில் லைன் இருந்தால்தான் வேலை. சனிக்கிழமை மூன்று முதல் நாலு வரை ஒரு மணி நேரம் பேச வைத்துப் பார்ப்பார்கள். குரல் விட்டுவிட்டு வந்தாலோ, வீட்டில் வேறு சத்தம் கேட்டாலோ அந்த இடம் வேறு ஆளுக்கு. ஏற்கெனவே இரண்டு முறை தவணை கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது கிடையாது.

நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ‘செவ்வாய்க்கிழமை லைன். புதன்கிழமையிலிருந்து லைன் கவலையை மறந்துவிடு’ என்று.

என் வாக்கு என்றால் சும்மாவா? பாலசமுத்திரத்திலிருந்து அஞ்சாம் வகுப்போடு காய்கறி லாரியில் ஏறி இந்த மலைக்கு வந்தவன் நான். உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினேன். அப்புறம் ஒரு டிஷ்ஷை வைத்து, மரத்துக்கு மரம் ஒயர் கட்டி, வீட்டுக்கு வீடு டிவி கொடுத்தேன். ‘இவனாவது பைபராவது’ என்று சிரித்தவர்கள் உண்டு. இன்று நெட், போன், டிவி மூன்றும் ஒரே இழையில் தருகிறேன். நாயுடுபுரத்தில் என் ஒயர் போகாத தெரு எது, சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆனால் மேல்மலைக்கு லைன் இழுப்பது வேறு சங்கதி. காட்டுக்குள் கம்பம் நடக் கூடாது. ரோட்டோரம் நட்டால் ரோட்டுக்காரர்கள் கேட்பார்கள். பள்ளம் தோண்டினால் ஒரு அடிக்குக் கீழே பாறை. எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கம்பத்தை நட்டுவிட்டு வந்தால், காட்டுமாடு வந்து அதில் முதுகைச் சொறிகிறது. அதனிடம் எந்த ஆபீஸ் கையெழுத்தைக் காட்டுவது?

சரி, காட்டுமாடுதான் சாய்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஜீப்பை விட்டேன். பக்கத்தில் சேவியர். பதினெட்டு வருஷமாக என்னோடு இருக்கிறான். இழையை ஒட்டவைப்பதில் இந்த மலையில் அவனுக்கு மேல் ஆள் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற முதல் சுருள் கம்பத்திலேயே “அண்ணே, ஸ்டாப்” என்றான்.

சுருள் கம்பம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஐந்தாறு கம்பத்துக்கு ஒரு கம்பத்தில் கொஞ்சம் ஒயரை வளையமாகச் சுற்றிக் கட்டித் தொங்கவிடுவோம். வீண் இல்லை. நாளைக்கு அறுந்தால், அந்தச் சுருளை அவிழ்த்து ஒயரைத் தரைக்கு இறக்கித்தான் மெஷினில் வைத்து ஒட்ட முடியும். கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டு தலைமுடி மாதிரி இருக்கிற கண்ணாடி இழையை ஒட்ட முடியுமா?

அந்தக் கம்பத்தில் சுருள் இல்லை.

ஒயர் விறைப்பாக, கொடிக்கம்பி மாதிரி நேராகப் போனது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கறுப்பாகப் புடைத்திருந்தது. சேவியர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தான்.

“அண்ணே, கட் பண்ணி ஜாயிண்ட் போட்ருக்கான். சைக்கிள் டியூப்ப வச்சு நீட்டா சுத்திருக்கான். குவாலிட்டி வர்க்.”

“எவன்டா அவன்?”

“இருங்கண்ணே, நெக்ஸ்ட் பாப்பம்.”

அடுத்த சுருள் கம்பம். அதே கதை. அதற்கு அடுத்தது. அதே சைக்கிள் டியூப். எனக்குத் தலைக்குள் கொதித்தது. போட்டிக்காரன் வேலை. வேறு யார்? கீழே டவுனில் என்னைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் ஒருத்தரா, இரண்டு பேரா? வெட்டினதும் இல்லாமல் கிண்டலுக்குக் கட்டுப் போட்டுவிட்டும் போயிருக்கிறான். போலீசுக்குப் போகிறேன், விடமாட்டேன் என்று சேவியரிடம் கத்திக்கொண்டே ஊருக்குள் போனேன்.

ஊரின் பேரை எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த முறை எனக்கு அங்கே காபி கிடைக்காது.

ஊர்த்தலைவர் பொன்னுச்சாமி தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். என் வயசுதான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்கண்ணே, வாங்க. நீங்க வருவீகன்னு தெரியும். சாமான விட்டுட்டுப் போயிட்டீகளே.”

“என்ன சாமான்?”

அவர் உள்ளே திரும்பி, “ஏலே, அந்தக் கட்ட எடுத்தாங்கடா” என்றார்.

இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூண்டைத் தாளோடு கட்டுவார்களே, அதே மாதிரி. கச்சிதமாக, ஒரே அளவில், கயிறு போட்டுக் கட்டிய கறுப்பு ஒயர்ச் சுருள்கள். பதினொன்று.

“ஒண்ணு குறையாது. எண்ணிப் பாத்துக்கங்க” என்றார் பொன்னுச்சாமி.

குனிந்து எண்ணினேன். உண்மையிலேயே ஒன்றும் குறையவில்லை.

“இத... ஏண்ணே வெட்டுனீக?”

“செவ்வாக்கெழம சாயங்காலம் செல்வராணி வீட்டுல எல்லாரும் டிவி பாத்தம். படம் நல்லாத்தான் வந்துச்சு. நடுவுல நடுவுல நின்னு நின்னு, வட்டமா ஒண்ணு சுத்துது. அழுத்தம் பத்தலன்னு தெரிஞ்சுபோச்சு. என்னடான்னு போய்ப் பாத்தா, வழி நெடுக வளைவு வளைவாக் கெடக்கு. இம்புட்டு வளைவு கெடந்தா எங்கிட்டு வரும்? அதான் புதங்கெழம பன்னெண்டு பேரு, மத்த சோலியெல்லாம் விட்டுட்டு, வளைவ எடுத்து நேராக்கிட்டம்.”

பின்னால் ஒருவர் எடுத்துக் கொடுத்தார்: “ஜாயிண்ட்டுல ஒரு சொட்டு ஒழுகாது.”

இந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் கொண்டுவருவதைப் பார்த்தால்தான் இது புரியும். மேலே காட்டு ஓடையில் ஒரு முனையை வைத்து, கறுப்பு ஓஸ் பைப்பைச் சரிவெல்லாம் இழுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். மைல் கணக்கில் போகும். எங்கேயாவது பைப் சுருண்டு கிடந்தால் தண்ணீர் சுண்டிவிடும். உடனே வெட்டி, நேராக்கி, சைக்கிள் டியூப்பால் கட்டிவிடுவார்கள். அந்தக் கைவேலையில் அவர்களை அடிக்க ஆள் கிடையாது.

“வெட்டுனப்புறம் படமே வந்திருக்காதே. அப்பவாவது சந்தேகம் வரலையா?” என்றேன்.

“புது ஜாயிண்ட்டுல்ல. உள்ள காத்து நிக்கும். வெலகி வர நேரமாகும்னு இருந்தம். கடைசில செல்வராணி வீட்டுப் பொட்டில இருந்து அந்த முனையக் கழட்டி ஊதியும் பாத்தம்.”

“உறிஞ்சியும் பாத்தாப்ல” என்றார் எடுத்துக் கொடுக்கிறவர்.

சேவியர் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

“பைபர் ஒயரு தண்ணி பைப்பு மாதிரின்னு ஒங்களுக்கு எவன்ணே சொன்னது?”

பொன்னுச்சாமி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“நீங்கதாண்ணே.”

உண்மை. நான்தான் சொன்னேன்.

போன மாசம் ஊர்க் கூட்டத்தில், பைபர் கம்பெனி அனுப்பிய இஞ்சினியர் தம்பி அரை மணி நேரம் இங்கிலீஷில் ஏதேதோ சொன்னார். ஊரே கொட்டாவி விட்டது. நான் எழுந்தேன். ‘ஓஸ் பைப்பில் தண்ணீர் வருகிற மாதிரி இதில் வெளிச்சம் வருகிறது. மடங்கினால் வராது. அவ்வளவுதான்’ என்றேன். கைதட்டல். இஞ்சினியரே என் கையைக் குலுக்கினார். அந்தப் பெருமையில் நான் நாலு நாள் தரையில் நடக்கவில்லை. நான் எழுதுகிற இதே பத்திரிகைப் பக்கத்தில் அதை எழுதலாம் என்றுகூட நினைத்திருந்தேன். நல்ல வேளை, எழுதவில்லை. படித்துவிட்டு இன்னும் எத்தனை ஊரில் கத்தியை எடுத்திருப்பார்களோ.

மடங்கினால்தான் கெடுதி. பெரிய வளையமாகச் சுற்றியிருந்தால் வெளிச்சத்துக்கு ஒன்றும் ஆகாது. அதை நான் சொல்லவில்லை. ஒரு கைதட்டலுக்கு எவ்வளவு சொன்னால் போதுமோ, அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டிவி நின்று நின்று வந்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? செல்வராணி வீட்டில் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் இருந்த ஒன்றரை அடி மண்சுவர். வைஃபை அதைத் தாண்டவில்லை. பெட்டியை நகர்த்தி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். அதற்கு ஒரு போன் போதும். ஆனால், ‘சின்ன விஷயத்துக்கு அவரை எதுக்கு அலைய விடணும்’ என்று என் மேல் இருந்த மரியாதையில் பன்னிரண்டு பேர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என் லைனைப் பதினோரு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். இவர்களைத் திட்டுவதா, கும்பிடுவதா?

திட்டினேன். மூச்சு வாங்கத் திட்டினேன். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் செல்வராணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அன்று லீவு சொல்லியிருந்தாள். நான் நிறுத்தியதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“சனிக்கெழமக்குள்ள ஆயிருமாங்க ஐயா?”

சேவியரைப் பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்தான். “டஃப்புண்ணே. புது ஒயர் டிரம் திண்டுக்கல்லுல இருந்து வரணும். மண்டேக்கு முன்னாடி சான்ஸே இல்ல. இந்தச் சுருளையே திருப்பி நடுவுல சேக்கணும்னா ஒரு எடத்துக்கு ரெண்டு ஜாயிண்ட். லெவன் பிளேஸ். டுவென்ட்டி டூ ஜாயிண்ட்டு. மழ வேற.”

“ஆயிரும்” என்றேன் செல்வராணியிடம்.

இந்த வாய் இருக்கிறதே.

அப்புறம் மூன்று நாள் நடந்ததை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. கம்பத்துக்குக் கம்பம் பிடியைத் தளர்த்தி, விறைப்பாக நின்ற ஒயரை இறக்கி, டியூப்பை அறுத்து, சுருளை நடுவில் சேர்த்து இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். இழையில் ஈரம் படக் கூடாது. கையில் தூசி இருக்கக் கூடாது. மேல்மலையில் இந்த மாதத்தில் ஈரம் படாத பொருள் எது? மூச்சை விட்டாலே மேகம். பூண்டு மூடுகிற நீலத் தார்ப்பாயை நாலு பக்கமும் ஆள் பிடித்து நிற்க, அதற்குள்ளே சேவியர் உட்கார்ந்து ஒட்டினான்.

தார்ப்பாய் பிடித்தவர்கள் அதே பன்னிரண்டு பேர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த யோசனைகள்...

“லேசா அடுப்புல காட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகிரலாம்ல?”

“இம்புட்டுக்கூண்டு முடிக்குள்ள ஓட்டை இருக்காது. வெளிச்சம் எதுல போகும்?”

“சேவியரு, மெஷின என்ட்டக் குடு. ஒரு தடவ போட்டுப் பாக்கேன்.”

சேவியர் மெஷினை மடியில் வைத்து அணைத்துக்கொண்டான். “அண்ணே, இவுங்கள எதுவும் தொட வேணாம்னு சொல்லுங்க. பிளீஸ்.”

வியாழன் மூன்று கம்பம். வெள்ளி ஐந்து. சனிக்கிழமை விடிந்தபோது மூன்று மீதி. பத்து மணிக்கு மழை பிடித்தது. கடைசிக் கம்பத்தில் சேவியர் வேலையை முடித்து நிமிர்ந்தபோது மணி இரண்டே கால்.

செல்வராணி வீட்டுக்கு ஓடினேன். பெட்டியை வியாழக்கிழமையே டிவி இருக்கிற பக்கம் நகர்த்தி வைத்திருந்தேன்; அதில் பச்சை விளக்கு.

அவள் விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையில் மாட்டுகிற போனை எடுத்துத் துடைத்தாள். அப்பாடா என்று நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன்.

அது இரண்டு நிமிஷம் நீடித்தது.

மழை வந்தால் அந்த ஊரில் கூரை மேல் இருக்கிற டிஷ் எல்லாம் செத்துவிடும். படம் வருகிற ஒரே வீடு, இப்போது இந்த வீடு. செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. குடைகளும் தலையில் மாட்டிய சாக்குக் கொங்காணிகளுமாக இருபது பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டிவி அலறியது. மணி இரண்டு முப்பது.

செல்வராணி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “ஐயா, சத்தம் கேட்டாலே பெயில் பண்ணிருவாங்க. நான் போகச் சொன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிரும். நாளைக்கு இவுகளோடதான நான் பொழைக்கணும்.”

நான் சொன்னேன். “தாய்மாரே, ஒரு மணி நேரம் மட்டும் எந்திரிச்சுப் போங்க.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எங்க வீட்டு ஆளு மூணு நாளாத் தார்ப்பா புடிச்சுச் சளி கட்டிக் கெடக்காரு. நான் ஒரு நாடகம் பாக்கக் கூடாதோ?”

“சத்தத்தக் கொறச்சு வச்சுக்கிருவோம்” என்றது இன்னொரு குரல்.

“கொறச்சா மாமியாக்காரி என்ன சொல்றான்னு எப்படித் தெரியும்?”

“நான் சொல்றேன்டி, எனக்குத் தெரியும்.”

இந்த மலையில் நான் எத்தனையோ ஆபீஸ்களில் போய் நின்று ஜெயித்திருக்கிறேன். இந்த இருபது பேரிடம் தோற்றேன். மணி இரண்டே முக்கால் ஆகப்போகிறது.

சந்துக்கு எதிர்ப்புறம் பொன்னுச்சாமி வீடு. வாசலில் நின்று, எல்லாம் தன்னால் நடந்தது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். என் மூளையில் மின்னல் வெட்டியது.

“தலைவரே, உங்க வீட்டு டிவிக்கு இப்பவே லைன் தர்றேன். காசு வேணாம். ஊருல பெரிய மனுசன் வீட்டுல இல்லாம இந்தப் பிள்ளை வீட்டுல இருந்தா நல்லாவா இருக்கு?”

அவர் மீசையைத் தடவினார். “அதுவும் சரிதாண்ணே. தாராளமாக் குடுங்க.”

சேவியர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். ஒயரை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். நெட் பெட்டியிலிருந்து சந்தைத் தாண்டி ஒரே இழுப்பு. டிவிக்கான சின்னப் பெட்டியைக் கழட்டி அங்கே மாட்டினான். இந்த வீட்டில் படம் போனது. அந்த வீட்டில் வந்தது. இருபது பேரும் எழுந்து சந்தைக் கடந்தார்கள். முன்வரிசை அக்கா அங்கேயும் முன்வரிசை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம். செல்வராணி குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் சேவியரும் ஜீப்பில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் மழை வழிந்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. ஜீப்பைத் தாண்டி அவள் வீட்டுக்குள் சத்தம் போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திறக்கவில்லை.

நாலு மணி தாண்டிக் கதவு திறந்தது. செல்வராணி மழையிலேயே நடந்து வந்தாள். நான் கண்ணாடியை இறக்கினேன்.

“திங்கக்கெழமல இருந்து வீட்டுலயே பாக்கச் சொல்லிட்டாங்க ஐயா. வாய்ஸ் கிளியரா இருக்காம்.”

சொல்லிவிட்டுத் திரும்பி, மாமியார் கையிலிருந்த குழந்தையை வாங்கப் போய்விட்டாள். தேங்க்ஸ் சொல்லக்கூட நிற்கவில்லை. அதற்கு நான் கோபப்படவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

இதை எழுதுகிற இன்று காலை பொன்னுச்சாமி போன் செய்தார். ஒரு வாரமாக மழை விடவில்லை.

“அண்ணே, வீட்டுல உக்கார எடமில்லண்ணே. வெள்ளனே வந்துர்றாளுக. என் கட்டில்ல நாலு பேரு உக்காந்திருக்காக. நான் அடுப்படில நின்னுக்கிட்டுச் சாப்புடுறேன். வெரசா வந்து அந்த ஒயரக் கழட்டிட்டுப் போங்க.”

கழட்டினால் அந்த இருபது பேரும் எங்கே போவார்கள்? சந்தைக் கடந்து நேரே செல்வராணி வீட்டுக்கு. ஆள் பற்றாக்குறை, ஜீப் ரிப்பேர், சேவியருக்குக் காய்ச்சல் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைத்தேன்.

என் சர்வீஸில் நான் வேண்டுமென்றே அட்டெண்ட் பண்ணாத ஒரே கம்ப்ளெயிண்ட் இதுதான்.